அட்டையில் சொட்டு விழாத நாலு நாள்

1

இன்று காலை எங்கள் தெருவில் உப்பு லாரி வந்தது. திண்டுக்கல் பேகம்பூரில் இருக்கிறவர்களுக்கு உப்பு லாரி என்றதும் தோல் ஷாப் வாசலில் மூட்டை இறக்குகிற லாரிதான் ஞாபகம் வரும். இது வேறு. இங்கே கனடாவில் பனி விழுந்தால் ரோடு எண்ணெய் தடவின கல் மாதிரி வழுக்கும். அதை உருக்குவதற்காக கவர்மெண்டே லாரியில் உப்பைக் கொண்டுவந்து, கோழிக்குத் தீனி போடுகிற மாதிரி இறைத்துக்கொண்டு போகும். வந்த புதிதில் இதைப் பார்த்துவிட்டு என் மகள் நூரிடம், "ஏடி, இம்புட்டு உப்பையும் ரோட்டுல கொட்டுறாய்ங்களே, நம்மூரா இருந்தா எத்தன தோலு பதம் போடலாம்" என்றேன். அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

லாரி போன பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். எங்கள் வண்டி போய் ஒரு வருசம் ஆகிவிட்டது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு பேசி அனுப்புகிறேன். திண்டுக்கல்லில் என் அக்கா கதீஜாவின் பேத்தி அதைக் கேட்டு, புத்தகத்தில் வருகிற தமிழாக மாற்றி எழுதி, தெருப் பெண்களுக்குப் படித்துக் காட்டுகிறாள். என் பேச்சில் பாதியை அவள் வெட்டிவிடுவாள் என்று தெரியும். வெட்டட்டும். மீதியைக் கேட்கவே உங்களுக்கு உலை கொதித்து அடங்கிவிடும்.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர். பஸ்சில் ஏறினால் வெள்ளைக்காரப் பையன்கள் எழுந்து இடம் தருகிறார்கள். ஆபீசுகளில்தான் கொஞ்சம் கஷ்டம். முதியோர் அட்டை வாங்கப் போனபோது கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நான் பெருவிரலை நீட்டினேன். அந்த ஆபீஸ் முழுக்கத் தேடியும் மைப் பெட்டி இல்லை. கடைசியில் அந்தப் பெண் என் கையில் பேனாவைக் கொடுத்து, எதையாவது கிறுக்கு என்று சைகை காட்டினாள். ஒரு மல்லிகைப் பூ வரைந்து கொடுத்தேன். இன்றைக்கும் கனடா கவர்மெண்டில் என் கையெழுத்து அந்தப் பூதான்.

ஆசை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. போன வருசப் பள்ளி விடுமுறைக்கு எல்லோரும் ஊருக்கு வருவதாக இருந்தோம். அக்காவை நான் பார்த்து ஏழு வருசம். அவளுக்கு இரண்டு கண்ணும் மங்கிக்கொண்டு வருகிறது. "எம் பார்வ முழுசாப் போறதுக்குள்ள ஒம் மூஞ்சியக் காட்டிட்டுப் போயிரு மைமூனு" என்று போனில் சொன்னாள். மருமகன் டிக்கெட் போட ஒத்துக்கொண்டிருந்தார். அதற்கு வண்டி ஓட வேண்டும்.

2

மருமகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் சொல்ல மாட்டேன், நம் பழக்கம் உங்களுக்குத் தெரியும். வாரம் முழுக்க ஆர்டர் எடுத்து, வீட்டுக்குப் பின்னால் ஒரு சமையல் கொட்டகையில் நம்மூர் பிரியாணி போட்டு, தேக்சா அண்டாவோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுப்பார். சீரகச் சம்பா அரிசி கிடைக்கிறது. நம் மண்ணின் தண்ணீர்தான் கிடைக்கவில்லை. இருந்தாலும் தமிழ் ஆட்கள் எங்கே கல்யாணம் வைத்தாலும் அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

எங்கள் வீட்டில் மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசுவது கிடையாது. சண்டை இல்லை, மரியாதை. அவர் கை நீட்டினால் தொடும் தூரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "நூரு, மாப்ளைக்கு இன்னொரு தோச வேணுமான்னு கேளு" என்பேன். அவர், "போதும்னு மாமிகிட்ட சொல்லு" என்பார். நூர், "நான் என்ன போஸ்டாபீசா?" என்பாள். நூர் இல்லாவிட்டால் பேத்தி சனா. அதுவும் இல்லாவிட்டால் அன்றைக்குப் பேச்சே இல்லை.

சனாவுக்கு இது ஒன்றும் புரியாது. பதினாலு வயது. தமிழ் கேட்டால் விளங்கும், வாயில்தான் சரளமாக வராது. "நன்னிமா, அத்தா அங்கதான நிக்கிறாங்க? ஒய்?" என்று கேட்பாள். அந்த 'ஒய்'க்கு நான் எங்கே போவேன்? போன வருசம் வரைக்கும் என் மடியில் தலை வைத்துப் படுத்தாள். இப்போது அவள் அறைக் கதவு சாத்தியே இருக்கிறது. தட்டினால் "பிஸி" என்று சத்தம் வரும்.

ஒரு நாள் காலையில் அவள்தான் வாசலில் இருந்து கத்தினாள். "நன்னிமா! நீங்க துப்புனீங்களா?"

ஓடிப் போய்ப் பார்த்தேன். வண்டி நிற்கிற இடத்தில், வெள்ளைப் பனியில், சிவப்புச் சிவப்பாகத் துளி. வெற்றிலை போட்டுத் துப்பினது மாதிரியே இருந்தது.

"அடிப் பாவி, வெத்தலையக் கண்ணால பாத்தே ரெண்டு மாசமாச்சுடி! எனக்குக் குடுக்காம யாரு போட்டாகன்னு நானே கேக்கணும்."

நூர் வந்து தொட்டுப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. எண்ணெய்.

3

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் வீட்டுக்கே வந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அவர் பேசுகிற தமிழைக் கேட்கவே டீ போட்டுக்கொடுத்து உட்கார வைக்கலாம். வண்டிக்கு முன்னால் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"அண்ணை, இது கியர் பாக்ஸ் எண்ணெய் போற லைன். உக்கிப் போச்சுது. ரோட்டு உப்புத்தான் திண்டிருக்கு. பைப்பை முழுசா மாத்த வேணும்."

மருமகன் கேட்டார். "பொறுத்து மாத்துனா ஆகாதா?"

"ஆகாது அண்ணை. எண்ணெய் இல்லாமல் ஓடினால் கியர் பாக்ஸ் எரிஞ்சு போம். பிறகு வண்டியே இல்லை."

எனக்குச் சனா விளக்கினாள். இது கியர் போடத் தேவையில்லாத வண்டி. அந்தப் பெட்டிக்குள் ஓடுகிற எண்ணெய் சூடாகும். அது மெல்லிய இரும்புக் குழாய் வழியாக முன்பக்கம் போய், காற்றுப் பட்டு ஆறி, வேறொரு குழாயில் திரும்பி வரும். டீக்கடைக்காரர் இழுத்து ஆற்றுகிற மாதிரி என்று புரிந்துகொண்டேன். உப்பு இரும்பைத் தின்னும் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் அத்தா தோல் ஷாப்பில் உப்புத் தோல் சுமந்தவர். அவர் வாளி ஒரு மழைக்காலம் தாங்காது.

பனி தொடங்கும் நேரம், எல்லோரும் டயர் மாற்ற வருவார்களாம். மெக்கானிக் கடையில் வியாழக்கிழமைதான் இடம் இருந்தது. போகும்போது ஒரு பெரிய அட்டையை வண்டிக்கு அடியில் விரித்தார்.

"தினமும் இந்த மட்டையைப் பாருங்கோ. இண்டைக்கு எத்தனை சொட்டு, நாளைக்கு எத்தனை சொட்டு எண்டு. கூடினால் வண்டியை எடுக்காதேங்கோ. வியாழன் வரைக்கும் கிட்டடியிலதான் ஓட வேணும்."

மருமகன் அன்றிலிருந்து அந்த அட்டையை, டாக்டர் கொடுத்த சீட்டைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்.

4

இங்கே நான் கொஞ்சம் ஊருக்குப் போய்விட்டு வர வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்தது உங்களுக்குப் புரியாது.

என் வீட்டுக்காரர் நிலக்கோட்டையில் இருந்து பூ ஏற்றுகிற வேன் ஓட்டினார். மல்லிகைக்கு நேரம்தான் உயிர். மொட்டாகப் போனால் மாலை, மலர்ந்து போனால் குப்பை. நூர் கைக்குழந்தை. வத்தலக்குண்டில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, திண்டுக்கல் வருவதற்கு நானும் அவர் வேனிலேயே ஏறிக்கொண்டேன். பின்னால் முழுக்கப் பூ மூட்டை. செம்பட்டி தாண்டி ஒரு கல் எகிறி டீசல் டேங்கில் அடித்தது. இறங்கிப் பார்த்தால் டீசல் ஒழுகுகிறது. சுற்றிலும் பொட்டல். அவர் தலையில் கை வைத்துவிட்டார்.

பக்கத்துப் பம்புசெட்டில் ஒரு பொம்பளை துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் போய், "ஆத்தா, அந்த பார் சோப்புல ஒரு துண்டு குடு" என்று வாங்கிவந்து, எச்சில் தொட்டுப் பிசைந்து, ஓட்டையில் அப்பி, என் முந்தானையில் ஒரு முழம் கிழித்து இறுக்கிக் கட்டினேன். ஒழுக்கு நின்றது. பூ மொட்டாகவே மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் பேகம்பூர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். "மெக்கானிக்கு எதுக்குப்பா? எம் பொண்டாட்டி இருக்கா." சாகிற வரைக்கும் என்னை அவர் வாய்விட்டுப் பாராட்டினது அந்த ஒரு தடவைதான். ரசத்தைக்கூடப் பாராட்டினது இல்லை.

5

திங்கட்கிழமை வீட்டில் யாரும் இல்லை. மருமகன் நடந்தே சாமான் வாங்கப் போயிருந்தார். அட்டையை எட்டிப் பார்த்தேன். முந்தின நாளைவிடச் சொட்டு கூடியிருந்தது. இனி அவர் வண்டியை எடுக்க மாட்டார், இந்த வார ஆர்டர் எல்லாம் போகும், டிக்கெட்டும் போகும் என்று கணக்குப் போட்டேன்.

ஊரில் இருந்து கொண்டுவந்த பார் சோப்பு என் பெட்டியில் இருந்தது. இங்கே மெஷின் துவைக்கிறது என்றாலும் என் உள்துணியை நான் மெஷினுக்குக் கொடுப்பதில்லை. ஒரு துண்டு வெட்டிப் பிசைந்தேன். பழைய சுங்குடிச் சேலையில் ஒரு முழம் கிழித்தேன். கம்பளித் தொப்பி, கம்பளிக் கோட்டு, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு அந்த அட்டையில் மல்லாந்து படுத்தேன். குழாய் பம்பருக்குக் கொஞ்சம் பின்னால்தான். துரு பிடித்த இடத்தில் ஈரமாகப் பளபளத்தது. கையுறையைக் கழற்றி, துடைத்து, சோப்பை அப்பி, துணியைச் சுற்றி, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டேன்.

எதிர்வீட்டு வெள்ளைக்கார அம்மா, நான் விழுந்துவிட்டேன் என்று அலறிக்கொண்டு ஓடிவந்தாள். எனக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷை எடுத்துவிட்டேன். "ஓகே, ஓகே." அவள் என்னைத் தூக்கி நிறுத்தி, பனியைத் தட்டிவிட்டு, என்னென்னவோ கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஓகே சொன்னேன்.

பிறகு அட்டையைத் திருப்பிப் போட்டேன், சுத்தமான பக்கம் மேலே வருகிற மாதிரி. புதுச் சொட்டு தெரியட்டும் என்று திருப்பினதாக நூரிடம் சொல்லி வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை ஒரு சொட்டு இல்லை. மருமகன் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். உள்ளே வந்து, "நூரு, ஒழுகல நூரு! உள்ள ஏதோ அடச்சிருச்சு போல. அல்லா லேசாக்கிட்டான்!" என்றார். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அப்போதே சொல்லியிருக்கலாம். நூர் பக்கத்தில்தான் நின்றாள். ஆனால் எப்படிச் சொல்வது? மருமகன் வண்டியில் கேட்காமல் கை வைத்தேன் என்றா? உங்களால் முடியாததை நான் செய்துவிட்டேன் என்றா? அது அவரைக் குறைத்துப் பேசின மாதிரி ஆகாதா? என் சந்தோசம் எனக்குள்ளேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அடுப்படியில் தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

புதன்கிழமையும் சொட்டு இல்லை. அன்று சாயங்காலம் மெக்கானிக்குக்குப் போன் போட்டார். சனிக்கிழமை கல்யாண ஆர்டர், தூரத்து ஊர், ஆறு தேக்சா. வியாழக்கிழமை வண்டியை விட்டால் கறி வாங்கப் போக முடியாது. "இப்ப ஒழுகல தம்பி. திங்கக்கெழம கொண்டாந்துர்றேன்." மெக்கானிக் என்னவோ தடுத்துச் சொன்னது கேட்டது. "இல்ல தம்பி, அட்ட சுத்தமா இருக்கு. ரெண்டு நாளா பாக்குறேன்ல."

நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

6

சனிக்கிழமை நானும் போனேன். நூர் முன்னால். நானும் சனாவும் பின்னால், தேக்சாக்களுக்கு நடுவில். சனா தயிர் வெங்காயப் பக்கெட்டை மடியில் வைத்திருந்தாள். வண்டி முழுக்கத் தம் வாசனை. ஜன்னலுக்கு வெளியே வெள்ளை வெளேரென்று காடு. "செம்பட்டி ரோடு மாதிரி நேரா போகுதுடி" என்று நான் சனாவிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் காதில் ஒயர் மாட்டியிருந்தாள். இருந்தாலும் தலையாட்டினாள்.

பெரிய ரோட்டில் ஏறி வேகம் எடுத்துச் செத்த நேரத்தில் தீய்ந்த வாடை வந்தது. அடி பிடித்துவிட்டதோ என்று தேக்சாவை மோந்து பார்த்தேன். அங்கே இல்லை. மருமகன் அழுத்துகிறார், இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. ஓரமாக உருண்டு போய் நின்றது. இறங்கித் திரும்பிப் பார்த்தோம். வந்த வழியெல்லாம் உப்பு வெளுத்த ரோட்டில் ஒரு சிவப்புக் கோடு.

"என்னங்க ஆச்சு?" என்று நூர் கேட்டாள்.

மருமகன் வண்டிக்கு முன்னால் போனார். பம்பருக்கு அடியில் குனிந்தவர் நிமிரவே வெகுநேரம் ஆனது. நிமிர்ந்தபோது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டிருந்தார்.

கல்யாண வீட்டார் இரண்டு கார் அனுப்பித் தேக்சாக்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். பெண்ணின் தகப்பனார் போனில் பேசினது எங்களுக்கே கேட்டது. "பந்தியில ஆளுங்கள உக்கார வச்சிட்டு உங்களத் தேடிக்கிட்டு இருக்கேன் பாய்." அதற்குப் பிறகு அந்தப் பக்கம் ஆர்டர் வரவில்லை.

வண்டியை இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்ததில், கியர் பாக்ஸ் எரிந்துவிட்டது. ஒரு நாள் வேலை, ஒரு குழாய். அதற்குப் போய் வண்டியே முடிந்தது. மெக்கானிக், "மட்டையில் சொட்டு விழுந்திருந்தால் நான் விட்டிருக்க மாட்டன் அண்ணை" என்றாராம். மருமகன் நம்பர் பலகையைக் கழற்றிக்கொண்டு போய் ஆபீசில் டோக்கன் எடுத்து ஒப்படைத்துவிட்டு வந்தார். வண்டி பழைய இரும்புக்குப் போனது.

இப்போது அவர் குளிர்க் கிடங்கில் பெட்டி அடுக்குகிற வேலைக்குப் போகிறார். பஸ்சில். அங்கே உள்ளேயும் பனி, வெளியேயும் பனி. சமையல் கொட்டகை பூட்டிக் கிடக்கிறது. ஊருக்கு வருகிற பேச்சு ஒரு மாதம் நூர் வாயில் இருந்தது, பிறகு அவளும் நிறுத்திவிட்டாள். சனா போன வாரம் சொன்னாள், "நன்னிமா, எனக்கு இந்தியா போக இன்ட்ரஸ்ட் இல்ல, ஓகே?" என்னைத் தேற்றுவதற்குச் சொல்கிறாள் என்று முதலில் நினைத்தேன். இல்லை, நிஜமாகவே சொல்கிறாள்.

7

வண்டி நின்ற மறுவாரம் என் துணி அலமாரியைத் திறந்தேன். மடித்து வைத்த சேலைகளுக்கு மேலே அந்தச் சுங்குடிக் கிழிசல் இருந்தது. துவைத்து, காய வைத்து, நாலாக மடித்து. சோப்பு எண்ணெய்ச் சூட்டில் உருகிப் போயிருக்கும், கறை மட்டும் போகவில்லை. நூருக்கு அது என்னவென்றே தெரியாது. யார் வைத்தது என்று நான் கேட்கவும் இல்லை.

மருமகன் யாரிடமும் சொல்லவில்லை. நூர் இன்றைக்கும், "நீங்கதான் வியாழக்கெழம கொண்டுபோகாம விட்டீங்க" என்று அவரைக் குத்துகிறாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுகிறார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன்.

இன்று உப்பு லாரி போன பிறகு எனக்குத் தாங்கவில்லை. நூர் வேலைக்குப் போய்விட்டாள், சனா பள்ளிக்கூடம். மருமகன் ராத்திரி வேலை முடிந்து வந்து மேஜையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கதவைத் தாண்டி உள்ளே போனேன். பதினாறு வருசத்தில் முதல் தடவை.

"மாப்ள," என்றேன். "அந்த சோப்பு..."

அவர் சட்டென்று எழுந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை. காலி அடுப்படியைப் பார்த்துச் சொன்னார். "நூரு, மாமிக்கு மாத்திர நேரமாச்சு பாரு. டீ சூடா இருக்கு, ஊத்திக் குடு."

வீட்டில் நூர் இல்லை. எங்கள் இருவருக்குமே அது தெரியும்.

நான் போய் டீயை ஊற்றிக்கொண்டு என் அறைக்கு வந்துவிட்டேன். இனி அதை அவரிடம் சொல்லவே முடியாது. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். அக்கா பேத்தி இதை வெட்டாமல் படிக்க வேண்டும்.

டீ ஆறுவதற்குள் அக்கா போன் போட்டாள். எப்போதும் முதல் வார்த்தை "எப்ப வார?" என்றுதான் இருக்கும். இன்று அது இல்லை. முட்டிவலி, கண் சொட்டு மருந்து, நத்தத்தில் இருந்து புளி வந்தது எல்லாம் சொன்னாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள்.

"மைமூனு, நீ வருவன்னு ஒரு கட்டில் வாங்கிப் போட்டேன்ல. அதுல நான் படுத்துக்கிறவாடி? தரையில படுத்தா எந்திரிக்க முடியல."

ஒரு வருசமாக அவள் தரையில் படுத்திருக்கிறாள். எனக்கு இன்றுதான் தெரியும்.

"படுத்துக்கக்கா," என்றேன். "ஒனக்கில்லாத கட்டிலா? காத்தாடிக்கு நேரா தலய வச்சிராத, சளி புடிக்கும். பஞ்சு மெத்தைய வெயில்ல ஒருக்காப் போட்டு எடுத்துக்க."

"சரிடி" என்றாள்.

போனை வைக்க மறந்துவிட்டாள். அவள் தடவித் தடவி நடப்பது கேட்டது. பிறகு, யாரும் இதுவரை படுக்காத அந்தக் கட்டிலில் அவள் மெல்ல உட்காருகிற சத்தம் கேட்டது.